கட்டினவர்தான் எதிரே உட்காரணும்

கமலா மிஸி இறந்துவிட்ட செய்தி எனக்கு வருவதற்கு முன்பே மீன்காரருக்கு வந்துவிட்டது. கிள்ளான் பாசாரில், மீன்கடை முன்னால் நின்று மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னக்கா, இன்னிக்குமா மீன் வாங்க வந்தீங்க?" என்றார் அவர். ஏன், இன்றைக்கு என்ன என்று கேட்டேன். "உங்க ஹோம் கமலா மிஸி போயிட்டாங்கன்னு சொல்றாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தால் அது சத்தமில்லாமல் நிரம்பிக் கிடந்தது. இரவு பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லையாம். மீனை அப்படியே வைத்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்தேன். அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அழுகைக்கு நடுவிலேயே இரண்டு எண்ணங்கள் வந்தன. நாற்பது வருடத்துக்கு மேல் பழகிய எனக்கு மீன்காரருக்கு அடுத்துதானா செய்தி வரவேண்டும் என்பது ஒன்று. படுக்கையில் கிடக்காமல், ஒருவர் கையையும் எதிர்பார்க்காமல் தூக்கத்திலேயே போய்விட்டாரே, சாவிலும் இவருக்குத்தானா முதல் மார்க் என்பது இன்னொன்று. ஊர் 'மிஸி' என்று கூப்பிடும் எங்கள் நர்ஸ் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் அப்படிப்பட்ட சாவின் அருமை தெரியும். கொடுத்து வைத்தவர்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வருபவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார் கமலாவின் மகள். "ஆன்டி, அம்மாவை உங்களுக்குத்தான் ரொம்ப நாளா தெரியும், நீங்க எழுதுங்க" என்றார். எழுதுகிறேன். ஆனால் நான் கமலாவைப் பார்த்து வயிறெரிந்தவள். அதை மறைத்துவிட்டு 'அன்பின் வடிவம், பண்பின் சிகரம்' என்று எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். கிள்ளானில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

நர்ஸ் பயிற்சி விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. பரீட்சையில் நான்தான் முதல். கமலா எப்படியோ கரையேறிவிடுவார். என் கட்டிலில் ஒரு சுருக்கம் இருக்காது; அவர் கட்டிலில் துவைத்த துணியும் துவைக்காத துணியும் ஒன்றாய்க் கிடக்கும். நான் வாங்கி வைத்த கறிபாப்பைக் கேட்காமல் எடுத்துத் தின்றுவிட்டு, "பசிச்சுது லா" என்று சொல்வார். அதோடு விஷயம் முடிந்தது. நான் திருப்பிச் சண்டை போட்டால் மற்ற பெண்கள் என்னைத்தான் பார்ப்பார்கள்.

வார்டில் அதைவிட மோசம். நான் ஊசி போட்டால் வலிக்காது; என் கை அப்படி. கமலா போட்டால் வலிக்கும், நானே போட்டுக்கொண்டு பார்த்திருக்கிறேன். ஆனாலும் நோயாளிகள் என்ன சொல்வார்கள் தெரியுமா? "நீங்க ஊசியை வைங்க மிஸி, அந்தச் சிரிக்கிற மிஸி வரட்டும்." வலிக்கிற ஊசிக்காக மனிதர்கள் காத்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு கல்யாணம். என் கணவர் சீக்கிரமே போய்விட்டார். அரசாங்க வேலையை விட்டுவிட்டு, கிள்ளானில் ஒரு டாக்டர் நடத்திய முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குத் தலைமை நர்ஸாக வந்தேன். இரண்டு வீடுகளை நடுச்சுவர் இடித்து ஒன்றாக்கிய இடம். என் பொறுப்பில் அங்கே யாரும் விழுந்ததே இல்லை. அந்தப் பெருமையைக் கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். எப்படி விழுவார்கள்? தள்ளாடி எழுகிற எல்லோரையும் நாற்காலியோடு சேர்த்து இடுப்பில் கட்டிவைத்திருந்தோம். கட்டு என்று சொல்ல மாட்டோம், 'பெல்ட்' என்போம். "அப்பாவுக்கு பெல்ட் போட்டாச்சா சிஸ்டர்?" என்று பிள்ளைகளே போனில் கேட்பார்கள். துணி போதாவிட்டால் வீட்டிலிருந்து சாரோங் கொண்டு வந்து கொடுப்பார்கள். விழுந்துவிடக்கூடாதே என்கிற பயம். அதுவும் அன்புதான், நான் குறை சொல்லவில்லை.

கமலா அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றதும், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் எங்கள் இல்லத்துக்கு வந்தார். சொல்லி வைத்தது நான்தான்; எனக்கு நானே வைத்துக்கொண்ட வினை. தினமும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வருவார், தினமும் தாமதமாக வருவார். முதல் நாள் கூடத்தில் வரிசையாக பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு, "ஏன் வசந்தா, எல்லாரும் பஸ்ஸுல எங்கயாச்சும் போறாங்களா?" என்றார்.

அங்கிருந்த பணிப்பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் மூக்கு வரை ஏறிவிட்டது. "விழுந்து இடுப்பு உடைஞ்சா நீ வந்து பதில் சொல்லுவியா?" என்றேன். அவர் ஒவ்வொருவராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பெரியவரின் சட்டையைத் தூக்கி, இடுப்பில் பெல்ட் அழுத்திச் சிவந்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அந்தச் சிவப்பு எனக்குத் தெரியாததா? தினமும் பவுடர் போட்டவள் நான். கட்டிவைத்தால் கால் மெலியும், மெலிந்தால் நடக்க முடியாது, நடக்க முடியாதவரைப் பார்த்து 'நல்லவேளை கட்டினோம்' என்போம். இதுவும் எனக்குத் தெரியும். தெரிந்ததை எடுத்துச் சொல்ல ஒருவர் வெளியிலிருந்து வந்துவிட்டாரே என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

அடுத்த வாரம் டாக்டர் முன்னிலையில் எல்லோரையும் கூப்பிட்டு கமலா சொன்னது இதுதான்: "கட்டாதீங்கன்னு நான் சொல்லமாட்டேன். யாரை வேணும்னாலும் கட்டுங்க. ஆனா கட்டினவர்தான் எதிரே உட்காரணும். முட்டிக்கு முட்டி நாற்காலி போட்டு, அவங்க முகத்தைப் பார்த்துகிட்டு. அவிழ்க்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது."

டாக்டர் சிரித்தார். "நல்லா இருக்கே, செஞ்சு பாருங்க" என்றார். எவ்வளவு எளிது பாருங்கள்! தடை இல்லை, தண்டனை இல்லை, பிரசங்கம் இல்லை. எனக்கு ஏன் இது தோன்றவில்லை? இத்தனை வருடமாக அந்தக் கூடத்தில் நின்றவள் நான்தானே.

காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து வேலை செய்யும் தேவிதான் முதலில் மாட்டினார். அடுத்தவர் தட்டில் கை வைக்கும் ஓர் அம்மாவைக் கட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தார். அடுப்படியில் பாத்திரம் குவிந்தது. துணி வெயிலில் மொடமொடத்தது. எதிரே அந்த அம்மா வைத்த கண் வாங்காமல் தேவியையே பார்த்தார். கொஞ்ச நேரத்தில், "ஐயோ, இதுக்கு இவங்களையும் கூட்டிகிட்டு வேலை செய்யறதே தேவலை" என்று அவிழ்த்து, அடுப்படிக்குக் கூட்டிப்போய் வெங்காயம் உரிக்க வைத்தார். அந்த அம்மா அதன்பிறகு அடுத்தவர் தட்டைத் தொட்டதாக நினைவில்லை. பசியோடு இருந்திருக்கிறார் போல, உரிக்கும்போதே தேவி ஏதாவது தின்னக் கொடுப்பார்.

சுங்கை பூலோவிலிருந்து ஒரு மகன் வந்தார், பெரிய உத்தியோகம். தன் தாயார் கூடத்தில் நடப்பதைப் பார்த்ததும் கத்தினார். "எங்கம்மா விழுந்தா யார் பொறுப்பு? நான் சொல்றேன், பெல்ட் போடுங்க!" நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். கமலா ஒரு சாரோங்கை மடித்து அவர் கையில் கொடுத்தார், நாற்காலியையும் இழுத்துப் போட்டார். "கட்டுங்க தம்பி. கட்டிட்டு இப்படி உட்காருங்க." அந்த மனிதர் உண்மையிலேயே கட்டினார், உட்கார்ந்தார். அவருடைய தாயார் மகன் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்த சந்தோஷத்தில் அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். போன் வந்தது, மகன் எழுந்தார். "அவிழ்த்துட்டுப் போங்க தம்பி, அதான் இங்க வழக்கம்" என்றார் கமலா. அவர் போனை அணைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். பிறகு அவிழ்த்து, தாயாரைத் தானே கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வாசல் வரை போனார். இன்றைக்கும் அவர் தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புகிறார். கமலா பெயருக்குத்தான் வரும்.

இதெல்லாம் பரவாயில்லை. ஊரார் விஷயம். என் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆறுமுகம் அண்ணன் காப்பார் பக்கத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர். நர்ஸ் படிப்புக்கு நேர்முகத் தேர்வு வந்தபோது, அந்த லோரியிலேயே என்னை ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் போய், நான் வெளியே வரும்வரை வாசலில் நின்றவர். அண்ணியும் இறந்துபோய், அண்ணனுக்கு மறதி முற்றிய பிறகு இல்லத்துக்கு அழைத்து வந்தேன். ஒரு நிமிடம் உட்கார மாட்டார். எழுந்து எழுந்து ரோட்டுக்குப் போவார். நானே பெல்ட் போட்டேன், எதிரே நானே உட்கார்ந்தேன். வழக்கத்தை மீறினேன் என்று யாரும் சொல்லக்கூடாதே. ஆனால் தலைமை நர்ஸால் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? அவிழ்ப்பேன். ஓடுவார். மறுபடி கட்டுவேன்.

கமலா அவர் பின்னாலேயே ஒருநாள் நடந்து பார்த்தார். அண்ணன் ரோட்டுக்குப் போகவில்லையாம். வாசலில் நிற்கும் வண்டிகளின் டயரை உதைத்துப் பார்க்கப் போகிறாராம். லோரி ஓட்டுபவர்கள் புறப்படும் முன் டயரைத் தட்டிப் பார்ப்பார்களே, அது. என் அண்ணனின் லோரியில் உட்கார்ந்து வளர்ந்தவள் நான், கண்டுபிடித்தது அவர். ஒரு தடியை அண்ணன் கையில் கொடுத்து, சாயங்காலம் சாயங்காலம் கூடவே நடந்தார். பார்க்க வருகிறவர்களின் கார் டயர் எல்லாம் அண்ணனிடம் அடி வாங்கியது. ஒருமுறை என் வண்டியின் பின்சக்கரத்தைத் தட்டி, "காத்து இல்ல, இதோட போகாதே தங்கச்சி" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னிடம் சொல்லவில்லை, கமலாவிடம் சொன்னார். கமலாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து மரியாதையாக, "நகருங்க மிஸி" என்றார்.

எனக்கு அப்போது உள்ளே என்ன நடந்தது என்று எழுதத் தெரியவில்லை. கறிபாப்பை எடுத்தார், சரி. நோயாளிகளை எடுத்தார், சரி. டாக்டரை, தேவியை, தீபாவளிப் பலகாரத்தை எடுத்தார். என் இடத்தையுமா? "நீ ஏன் அவர்கிட்ட 'நான் உங்க தங்கச்சி இல்ல'ன்னு சொல்லல?" என்று கமலாவிடம் சண்டை போட்டேன். "சொன்னேன் வசந்தா. கேக்கல. நீ கொஞ்சம் சிரிச்சுகிட்டே வந்து பாரேன்" என்றார். சிரித்துக்கொண்டும் போய்ப் பார்த்தேன். "என்ன மிஸி, நல்ல செய்தியா?" என்று கேட்டார் அண்ணன்.

மழை விட்ட ஒரு சாயங்காலம், டயர் தட்டும்போது ஈரத்தில் வழுக்கி விழுந்து அண்ணனுக்கு மணிக்கட்டு உடைந்தது. கமலாதான் கூட இருந்தார். எங்கள் இல்லத்தில் பல வருடங்களில் முதல் முறிவு, அதுவும் என் அண்ணனுக்கு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அதைப் போல எல்லோரும் கமலாவைத் தேற்றினார்கள். நான் தேற்றவில்லை. "சொன்னேனா இல்லையா?" என்று கத்தினேன். "என் பொறுப்புல விழுந்தாரு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு. நடக்கிறவங்க விழத்தான் செய்வாங்க வசந்தா. உன் அண்ணன், நீ முடிவு பண்ணு. நாற்காலி அங்க இருக்கு" என்று மட்டும் சொன்னார் கமலா.

முடிவு பண்ணினேன். மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவரை உட்கார வைத்து பெல்ட்டை இறுக்கினேன், எதிரே உட்கார்ந்தேன். இனிமேல் நான் எழுந்திருக்கப் போவதில்லை, வேலையே போனாலும் சரி என்று உட்கார்ந்தேன். அண்ணன் நல்ல கையால் பெல்ட்டைத் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல முன்னால் குனிந்து சொன்னார்:

"மிஸி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். என் தங்கச்சி நர்ஸா இருக்கா. அவளைக் கொஞ்சம் கூப்பிடுங்க. அவ வந்தா இதை அவிழ்த்துவிட்ருவா."

"நான்தான் அண்ணே அது. வசந்தா."

"இல்ல மிஸி. அவ என்னைக் கட்டமாட்டா."

அந்த நேரம் பார்த்து கமலா கதவருகில் வந்து நின்றார். அண்ணனின் முகம் மலர்ந்தது. கமலா எங்களை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். அவர் கை அந்த பெல்ட்டுக்கு வருவதற்குள் நானே அவிழ்த்து எறிந்தேன். ஞானோதயம் என்று நினைத்துவிடாதீர்கள். பொறாமை, வேறொன்றுமில்லை. அந்தப் பெயரையும் அவர் வாங்கிக்கொண்டு போய்விடக்கூடாது என்கிற வேகம். அவிழ்த்தது நான். அண்ணன் நன்றி சொன்னது கமலாவுக்கு.

அன்றைக்குப் பிறகு என் அண்ணனை யாரும் கட்டவில்லை. அவரை மட்டுமல்ல, போகப்போக யாரையுமே. கட்டில்களைத் தாழ்த்தினோம், வழுக்காத செருப்பு வாங்கினோம், வாசலில் சிமெண்டைக் கொத்திச் சொரசொரப்பாக்கினோம். யோசனை எல்லாம் கமலாவுடையது. கடைகடையாய் அலைந்தது, ஆள் பிடித்தது எல்லாம் நான். பாராட்டு யாருக்கு என்று எழுத வேண்டியதில்லை. அவ்வப்போது யாராவது விழுந்தார்கள். கட்டி வைத்திருந்தால் விழுந்திருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். அதையும் கமலா ஒளிக்காமல் குடும்பத்தாரிடம் சொல்வார்.

அவருடைய இறுதிச் சடங்கு பிரிக்ஃபீல்ட்ஸில், மத்தியானத்துக்கு மேல். எங்கள் இல்லத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் போகவேண்டும். அழுது வீங்கிய கண்ணோடு தேவி என்னிடம் வந்தார். "அக்கா, எல்லாரும் ஒரே வேன்ல போயிட்டு வந்துருவோம் லா. கொஞ்ச நேரந்தானே. நடக்கிறவங்களுக்கு மட்டும் பெல்ட் போட்டுட்டு, சமையக்காரம்மாவைப் பார்த்துக்கச் சொல்வோம். மிஸி ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க."

நான் சேலை மாற்றித் தயாராக நின்றேன். முன்வரிசையில் எனக்கு இடம் வைத்திருப்பதாக மகள் சொல்லியிருந்தார். இத்தனை வருடத்தில் கமலா விஷயத்தில் எனக்குக் கிடைத்த முதல் முன்வரிசை அது. தேவி சொன்னதில் ஒரு தப்பும் தெரியவில்லை, ஒரு நிமிடம் வரைக்கும். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. கட்டினால் யாராவது எதிரே உட்காரவேண்டும். உட்கார ஒருவர் இருந்தால் கட்டவே வேண்டாம். செத்த பிறகும் என்னை விடமாட்டேன் என்கிறாரே இந்த மனுஷி!

"நீங்க போங்க, நான் இருக்கேன்" என்றேன்.

வேன் போனது. கமலாவின் காலடியில் நின்று அழுகிற பாக்கியம் தேவிக்கு, சுங்கை பூலோ மகனுக்கு, மீன்காரருக்குக் கூட. எனக்கு ஒரு கூடம் நிறைய மனிதர்கள். சமையல்கார அம்மா பால் கலக்கிக் கொடுக்க, நான் ஒருவரைக் கழிப்பறைக்கு நடத்திக்கொண்டு போனேன், இன்னொருவரைக் கதவருகிலிருந்து திருப்பி அழைத்து வந்தேன். தேவி போனில் படம் அனுப்பிக்கொண்டே இருந்தார். எத்தனை மாலை, எவ்வளவு கூட்டம்! எனக்கு இவ்வளவு பேர் வரமாட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் தடியோடு வந்து என் முன்னால் நின்றார்.

"மிஸி, என் தங்கச்சி ஏன் இன்னும் வரல?"

இந்தக் கேள்விக்கு இத்தனை நாளும் எனக்கு ஒரே பதில்தான். நான்தான் அண்ணே உங்க தங்கச்சி, நல்லாப் பாருங்க, நான்தான். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், எப்படியெல்லாம் சண்டை போட்டிருப்பேன். போட்டிக்கு ஆள் இல்லாத அன்றைக்கு அதைச் சொல்லியிருக்கலாம். ஒருவேளை ஏற்றுக்கொண்டிருக்கவும் கூடும்.

"உங்க தங்கச்சி போயிட்டா அண்ணே" என்றேன். "ராத்திரி தூக்கத்துலயே போயிட்டா. கஷ்டப்படல."

அண்ணன் தடியைக் கீழே போட்டார். அண்ணி போனபோதும் எங்களுக்குத் தெரியாமல் லோரிக்குப் பின்னால் போய் நின்று அழுதவர் அவர். அன்றைக்கு என் தோளில் தலையைச் சாய்த்து, வாய்விட்டு, தங்கச்சி தங்கச்சி என்று அழுதார். "லோரியில வெச்சு நான்தானே மிஸி அவளைக் கூட்டிட்டுப் போனேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன்.

கமலா, அந்தச் சடங்குக்கு நான் வரவில்லை என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசியிருப்பார்கள். பேசட்டும். உன் காலடியில் விழுந்த மாலைகளைப் படத்தில் பார்த்தேன், ஒன்றும் பெரிதில்லை. என் அண்ணன் அழுத அழுகை இருக்கிறதே, அது எனக்கு வரவேண்டியது. என் பெயருக்கு வரவேண்டியது. யாருக்காகவும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். நீயே வைத்துக்கொள். போய் வா.